கழனி மண்ணு, கொல்லை மண்ணு, மலையடி மண்ணு

பட்டா, சிட்டா, வில்லங்கம். மனை வாங்கறவங்க இந்த மூணையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துடுவாங்க. கொஞ்சம் உஷாரான ஆளா இருந்தா அ-பதிவேடும் எடுத்துப் பார்ப்பாங்க. அதுல புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பாசனம் எதுலேர்ந்து, தீர்வை எவ்வளவுன்னு வரிசையா கட்டம் இருக்கும். நடுவுல "மண் வயனமும் ரகமும்"னு ஒரு கட்டம். அதுல 7-2, 8-3ன்னு ஸ்கூல்ல வகுப்பு பிரிவு போட்ட மாதிரி ஒரு நம்பர் இருக்கும். நான் கேட்டவரைக்கும் மனை வாங்கின ஒருத்தரும் அந்த நம்பர் என்னன்னு கேட்டதில்ல. வித்தவரும் சொன்னதில்ல. ஆனா பாருங்க மக்களே, அந்த ஒரு கட்டத்துக்குள்ள நூத்தி அம்பது வருஷத்துக் கதை ஒண்ணு உக்காந்திருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க :-)

எங்க ஊரு கீழ்பென்னாத்தூர் பக்கம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல ஏறக்குறைய பாதி வழி. எங்க பக்கத்துல நிலத்துக்கு ரெண்டே பேருதான். ஏரித் தண்ணி பாயுற நெல்லு நிலம்னா கழனி. மானத்தை நம்பி மல்லாட்டை, கேழ்வரகு போடுற மேட்டு நிலம்னா கொல்லை. (பேச்சுல "கொல்லி". அந்நியன் வில்லன் பேரு மாதிரி இருக்குன்னு வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க.) இந்த ரெண்டு வார்த்தையிலயே பாதி மண்ணியல் இருக்கு. கழனி பள்ளத்துல இருக்கும், களிமண்ணு, தண்ணியைப் புடிச்சு வெச்சுக்கும். கொல்லை மேட்டுல இருக்கும், செம்மண்ணும் சரளையும், பேஞ்ச தண்ணி ரெண்டு நாள்ல எங்க போச்சுன்னே தெரியாது.

நம்ம பக்கத்து மண்ணைப் பத்தின பழைய சாட்சி ஒண்ணு கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கு. பத்துப்பாட்டுல கடைசிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி. பெருங்கௌசிகனார் பாடினது. பாட்டுடைத் தலைவன் நன்னன், செங்கண்மாங்கிற ஊரைத் தலைநகரா வெச்சு ஆண்டவன். அந்த செங்கண்மாதான் இன்னைய செங்கம். பாட்டுல வர நவிர மலை இன்னைய பர்வதமலைன்னு சொல்றாங்க. சேயாறும் வருது. பரிசில் வாங்கப் போற கூத்தருக்கு வழி சொல்ற பாட்டுங்கறதால, எந்தெந்த இடத்துல என்ன விளையுதுன்னு நடந்து பார்த்த மாதிரியே சொல்லிட்டுப் போறார் புலவர். தினை, வரகு, எள்ளு, அவரை. எல்லாமே கொல்லைப் பயிருங்க. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு வந்த மல்லாட்டையைக் கழிச்சிட்டுப் பார்த்தா, எங்க தாத்தா காலத்துக் கொல்லைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. மண்ணு மாறல, அதனால பயிரும் மாறல.

வீடு கட்டறதுக்கு மண்ணு பாக்கற வழக்கமும் பழசுதான். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டுல எழுதின பிருகத் சம்ஹிதையில ஒரு சோதனை இருக்கு. ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டு. வெட்டின மண்ணையே திருப்பிப் போட்டு மூடு. மண்ணு மிஞ்சினா நல்ல மனை, சரியா இருந்தா சுமார், பத்தலைன்னா ஆகாது. இன்னொண்ணு, குழியில தண்ணி ரொப்பிட்டு நூறு அடி நடந்து போய்த் திரும்பி வந்து பாரு, தண்ணி குறையாம இருந்தா நல்லது. நம்ம மனையடி சாஸ்திரக்காரங்க இன்னைக்கும் இதைச் சொல்றாங்க.

இதை நான் மூடநம்பிக்கைன்னு தள்ள மாட்டேன். கெட்டிப்பட்ட மண்ணை வெட்டி எடுத்தா உதிர்ந்து உப்பும், அதனால திருப்பிப் போடும்போது மிஞ்சும். ஏற்கனவே பொலபொலன்னு இருக்கற மண்ணு, குப்பை கொட்டி மேவின மண்ணு இதெல்லாம் திருப்பிப் போட்டா அமுங்கிப் பத்தாமப் போகும். இன்னைக்கு இன்ஜினியருங்க அடர்த்தி சோதனைன்னு பண்றதோட ஏழை வீட்டுப் பதிப்பு இது. தண்ணிச் சோதனை அந்தளவுக்கு நம்பகமில்ல. தண்ணி இறங்காத மண்ணுன்னா அது களிமண்ணாவும் இருக்கலாம், களிமண்ணோட வில்லத்தனம் பத்திக் கீழ சொல்றேன். ஆனா அதே நூல்ல வெள்ளை மண்ணு இந்த வர்ணத்துக்கு, சிவப்பு மண்ணு அந்த வர்ணத்துக்கு, மஞ்சள் இவங்களுக்கு, கருப்பு அவங்களுக்குன்னு ஒரு பங்கு பிரிப்பு இருக்கு பாருங்க, அதைக் குப்பையிலதான் போடணும். மண்ணுல இருக்கற இரும்புக்கு ஜாதி தெரியாது.

சரி, அந்த 7-2 கதைக்கு வருவோம்.

1792-ல மூணாவது மைசூர் சண்டை முடிஞ்சு திப்பு கையெழுத்துப் போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில பாராமகால் கும்பெனி கைக்கு வந்தது. பாராமகால்னா இன்னைய கிருஷ்ணகிரி, தருமபுரி. செங்கம் கணவாயைத் தாண்டினா அந்தப் பக்கம். அங்க வரி வசூலுக்குப் போனவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழ உதவியாளா இருந்தவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தார் வேணாம், குடியானவன்கிட்ட நேரா வரி வாங்கலாம்னு இவங்க ஆரம்பிச்சதுதான் ரயத்துவாரி. மன்றோ பின்னாடி 1820-லேர்ந்து 1827-ல சாகறவரைக்கும் சென்னை கவர்னர். ஒவ்வொரு குடியானவன் நிலத்துக்கும் தனித்தனியா வரி போடணும்னா ஒவ்வொரு நிலமும் எப்படிப்பட்ட நிலம்னு தெரிஞ்சாகணும் இல்லையா? மண்ணைத் தரம் பிரிக்கற வேலை அங்கதான் சர்க்கார் வேலையா ஆச்சு.

1850-களுக்கு அப்புறம் சென்னை மாகாணம் பூரா முறையான சர்வேயும் செட்டில்மெண்டும் ஆரம்பிச்சது. மண்ணை அஞ்சு பெரிய வகையாப் பிரிச்சாங்க: ஆத்து வண்டல், கரிசல், செம்மண், சுண்ணாம்பு மண், மணல். ஒவ்வொண்ணுக்குள்ளயும் களி, களியும் மணலும் கலந்தது, வெறும் மணல்சாரின்னு மூணு. அதுக்குள்ள நல்லது, சுமார், மட்டம்னு படிப்படியா ரகம். இதுக்கெல்லாம் எண் குடுத்து எழுதினதுதான் அந்தக் கட்டம். முதல் எண் மண்ணோட வயனம், ரெண்டாவது எண் ரகம். அதை வெச்சு விளைச்சலைக் கணக்குப் போட்டு, சாகுபடிச் செலவைக் கழிச்சு, மிச்சத்துல பாதியை சர்க்காருக்குன்னு எடுத்து, தரம் போட்டு, தீர்வை எழுதினாங்க. 1979-ல ஆரம்பிச்ச நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துல பட்டாதாரர் பேரெல்லாம் புதுப்பிச்சாங்க. மண்ணு நம்பர் மட்டும் தாத்தா காலத்துதே தொடர்ந்து வந்துடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. வெள்ளைக்காரனுக்கு நம்ம மண்ணு மேல பாசம் ஒண்ணும் இல்ல. பணம் கறக்கத்தான் மண்ணைப் பார்த்தான். ஆனா பணம்னு வந்ததால ஒரு கொல்லை விடாம ஒழுங்காப் பார்த்தான். அப்ப எங்க ஊரு தென்னாற்காடு ஜில்லா. திருவண்ணாமலை தாலுகா அப்புறம்தான் வடாற்காட்டுக்குப் போச்சு. 1989-ல வடாற்காட்டைப் பிரிச்சு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆச்சு. ஜில்லா பேரு இத்தனை தடவை மாறியும் 8-3 அப்படியே 8-3 தான்.

இதுல ஒரு முக்கியமான சங்கதி. அந்த நம்பர் உழவுக்குப் போட்டது. வீடு கட்ட அதை அப்படியே தலைகீழாப் படிக்கணும். நல்ல ரகம்னு எழுதின களிமண்ணு நஞ்சை, கடக்கால் போடறவனுக்குத் தலைவலி. மட்டம்னு ஒதுக்கின சரளைக் கொல்லை, வீட்டுக்கு ராஜா. பழைய ஊருங்களைப் பாருங்க, நத்தம் எங்க இருக்கு? பெரும்பாலும் மேட்டுல, ஏர் ஓட்ட லாயக்கில்லாத கெட்டி நிலத்துல. ஏரிக்குக் கீழ பள்ளத்துல கழனி. சோறு போடுற மண்ணுல வீடு கட்டாதேன்னு அந்தக் காலத்துல யாரும் போர்டு வெக்கல, ஊரை அமைச்ச விதத்துலயே சொல்லிட்டாங்க.

களிமண்ணோட வில்லத்தனம் என்னன்னா, அது தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும். சித்திரையில ஏரிக்குள்ள போனீங்கன்னா கை நுழையற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும், ஐப்பசியில அந்த வெடிப்பு இருந்த சுவடே இருக்காது. அந்த ஏத்த இறக்கம் மேல இருக்கற செவுத்தையும் சேர்த்துத் தூக்கி இறக்கும். ஒரே மாதிரி தூக்கினாலும் பரவாயில்ல, வீட்டுக்கு நடுவுல ஈரம் ஒரு மாதிரி, ஓரத்துல ஒரு மாதிரி. அதனால மூலையில குறுக்கா விரிசல் விழும். மழைக்காலத்துல கதவு சாத்தாது, வெயில் காலத்துல தானா சாத்தும். வேடிக்கை என்னன்னா பாரமான மாடி வீடு ஓரளவுக்குத் தாங்கிடும், லேசான காம்பவுண்டு செவுருதான் முதல்ல வாயைப் பொளக்கும்.

என் ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இப்படித்தான் கழனியா இருந்து பிளாட் போட்ட இடத்துல ஒரு மனைக்கு அட்வான்ஸ் குடுக்கக் கிளம்பினான். சித்தப்பா திண்ணையில உக்காந்து கேட்டுட்டே இருந்தவர், "ஏண்டா, நாப்பது வருஷம் நான் சேறு மிதிச்ச எடத்துலயாடா ஊடு கட்டப் போற?"ன்னார். இவன், "அதான் மேல ரெண்டு அடி கிராவல் அடிச்சிட்டாங்களே நைனா"ன்னான். "மேல அட்ச்சா? அடியில இன்னா கீதுன்னு தோண்டிப் பாத்தியா?"

தோண்டிப் பார்த்தோம். கடப்பாரையும் மம்புட்டியும்தான், ஆய்வுக்கூடம் எல்லாம் இல்ல. ரெண்டடி கிராவல். அதுக்குக் கீழ கருப்பா, ஈரமா, கையில எடுத்து உருட்டினா கயிறு மாதிரி நீளமா வர களி. அஞ்சடி போயும் அதே களிதான். கயிறு மாதிரி உருட்ட வந்தா களி, உருட்டும்போதே உடைஞ்சா களியும் மணலும், உருட்டவே வரலைன்னா மணல். இந்தப் பரிசோதனைக்கு வேணும்கறது ஒரு கை மண்ணும் அரை டம்ளர் தண்ணியும்தான்.

அதுக்காகக் களிமண்ணுல கட்டவே கூடாதுன்னு சொல்ல வரல. ரூர்க்கியில இருக்கற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1947-ல ஆரம்பிச்சது, 1950-கள்லயே கரிசல் நிலத்துக்குன்னு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. ஊதிச் சுருங்கற அடுக்கைத் தாண்டிக் கீழ போய், அடியில கொடம் மாதிரி அகலமா விரியற கான்கிரீட் தூண் இறக்கறது. மேல மண்ணு ஆடினாலும் தூண் ஆடாது. நம்ம ஊரு மேஸ்திரிங்க களிமண்ணை ஆழமா எடுத்துட்டு மணலும் சரளையும் போட்டு திமுசு போடுவாங்க. அதுவும் சின்ன வீட்டுக்குச் சரிதான். வீட்டைச் சுத்தித் தண்ணி தேங்காம விடறதும், வேர் பரவுற மரத்தைச் செவுத்தை ஒட்டி வெக்காம இருக்கறதும் காசே இல்லாத வைத்தியம். ஆனா எல்லாத்துக்கும் முதல்ல அடியில களி இருக்குன்னு தெரிஞ்சிருக்கணுமே! கிராவல் போட்டு மூடின மனையில அது கண்ணுக்கே தெரியாது. தம்பி அந்த மனையை விட்டுட்டான். வித்தவருக்கு எங்க மேல கோவம். சித்தப்பாவுக்கு ஒரு வாரத்துக்கு நடையே வேற மாதிரி இருந்தது.

கொல்லைப் பக்கம் போவோம். எங்க பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. மணிலாக்கொட்டைங்கறதுதான் மருவி அப்படி ஆச்சு. பூர்வீகம் தென் அமெரிக்கா, பேரு பிலிப்பைன்ஸ் தலைநகரத்தோடது, தின்னறது நாம. பத்தொம்பதாம் நூற்றாண்டுல மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு இது டன் கணக்குல தேவைப்பட்டது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் துறைமுகம். 1879-ல விழுப்புரத்துலேர்ந்து பாண்டிக்கு ரயில் வந்துடுச்சு. தென்னாற்காடு மாகாணத்துலயே பெரிய மல்லாட்டை ஜில்லா ஆனது அப்படித்தான். ஆனா சந்தை மட்டும் இருந்தா போதாது, மண்ணும் ஒத்துழைக்கணும். மல்லாட்டை பூ மேல பூத்து, விழுது மண்ணுக்குள்ள இறங்கிக் காய் புடிக்கற செடி. கெட்டிக் களியில விழுது இறங்காது. இறங்கினாலும் புடுங்கும்போது காய் மண்ணுக்குள்ளயே நின்னுடும். மட்டம்னு எழுதி வெச்சிருந்த இலேசான செம்மண்ணுதான் அதுக்கு அமிர்தம். செட்டில்மெண்டுக்காரன் கணக்கை மல்லாட்டை பொய்யாக்கிடுச்சு. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-ல விட்ட டி.எம்.வி. 2 ரகம் குடியாத்தம் கொத்துக்கடலையிலேர்ந்து தேர்ந்தெடுத்தது. ஆக, அதுவும் நம்ம வடாற்காட்டு மண்ணு வாசனைதான்.

வீட்டுத் தோட்டம் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. செம்மண்ணு பாக்க அழகா இருக்கும், அந்தச் சிவப்பு இரும்புத் துரு. சத்து கம்மி. தழைச்சத்தும் மணிச்சத்தும் பத்தாது, மக்கும் ரொம்பக் குறைவு. இதுக்குப் பழைய வைத்தியம் ஏரி வண்டல். கோடையில ஏரி வத்தினதும் மாட்டு வண்டியில அள்ளிட்டு வந்து கொல்லையில அடிப்பாங்க. கழனியோட களி கொல்லைக்கு மருந்து, ஏரியும் தூர் எடுத்த மாதிரி ஆச்சு. நடுவுல அனுமதி, கெடுபிடின்னு அந்த வழக்கம் நின்னே போச்சு. 2017-ல அரசு விதியைத் திருத்தி விவசாயிங்க இலவசமா எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. 2024-ல தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு இன்னும் சுலபமாக்கினாங்க. உப்பு பூத்த களர் நிலமா இருந்தா மட்டும் கதை வேற. அங்க முதல்ல மண்ணைப் பரிசோதனைக்குக் குடுத்துட்டு ஜிப்சம் எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் எதையும் தொடணும்.

எங்க ரோட்டைப் புடிச்சு அப்படியே கிழக்கால போனா மண்ணு மாறிக்கிட்டே வரும். இது எனக்கு ரொம்பப் புடிச்ச விளையாட்டு, பஸ்ல ஜன்னலோர சீட்டு வேணும். கீழ்பென்னாத்தூர்ல செம்மண்ணு. செஞ்சியில மண்ணை விடப் பாறை அதிகம். (2025 ஜூலையில மராட்டியர் கோட்டைகள் வரிசையில செஞ்சிக்கோட்டைக்கு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் கிடைச்சது தெரியும்தானே?) திண்டிவனம் தாண்டி வானூர் பக்கம் கருப்புக் களி தட்டுப்படும். அங்கயே திருவக்கரையில கல்லா மாறின மரங்கள், சுமார் ரெண்டு கோடி வருஷத்துப் பழசு. அப்புறம் திடீர்னு ரத்தச் சிவப்பா ஆரோவில் மேடு. 1968 பிப்ரவரி 28-ல அதைத் தொடங்கும்போது 124 நாட்டு மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக் கொண்டாந்து ஒரு தாழியில போட்டாங்க. ஆனா அந்த மேட்டோட சொந்த மேல்மண்ணு ஒவ்வொரு மழைக்கும் செந்தண்ணியாக் கடலுக்குப் போய்க்கிட்டு இருந்தது. வரப்பு கட்டி, மரம் வெச்சு, வருஷக்கணக்கா உழைச்சுத்தான் நிறுத்தினாங்க. அதே செம்மண்ணோட அஞ்சு சதம் போல சிமெண்ட் கலந்து அமுக்கி, சுடாத செங்கல் பண்றாங்க இப்ப. அதுக்கும் களி, மணல், சரளை எல்லாம் அளவா இருக்கற மண்ணுதான் ஆகும்.

கடைசியில கடற்கரை மணல். தெற்கே நாகப்பட்டினத்துல 2004 டிசம்பர் 26 சுனாமி வயல் வயலா உப்பைக் கொட்டிட்டுப் போச்சு. பத்து வருஷத்துக்கு விளையாதுன்னு பயந்தாங்க. 2005-ல கொட்டின மழை பெரும்பகுதி உப்பைக் கழுவி எடுத்துடுச்சு, தண்ணி வடியற நிலமெல்லாம் சீக்கிரம் தேறிடுச்சு. தண்ணி வடியாத களிதான் தவிச்சது. அங்கயும் அதே களி!

மலையடி மண்ணைப் பத்தி எழுதாம முடிக்க முடியல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது. மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 செ.மீ. மழை. மறுநாள் டிசம்பர் 1 சாயங்காலம், திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ல மலையிலேர்ந்து பாறையும் சேறும் சரிஞ்சு வீட்டு மேல விழுந்து ஏழு பேர் செத்துப் போனாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அப்புறம் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநருங்க வந்து மண்ணைப் பார்த்தாங்க.

பாறை மேல போர்வை மாதிரி கிடக்கற மண்ணு எப்பவுமே இப்படித்தான். அளவா பேஞ்சா தண்ணி வடிஞ்சிடும். விடாம கொட்டினா மண்ணு ஊறிக் கனமாகும், கீழ பாறைக்குள்ள தண்ணி இறங்க முடியாம ரெண்டுக்கும் நடுவுல ஓடும். புடிப்பு போயிடும். மலையடியில கல்லும் மண்ணும் கலந்து குவிஞ்சு கிடக்குன்னா அதெல்லாம் எப்பவோ மேலேர்ந்து இறங்கி வந்ததுதான். அங்க குடியிருக்கறவங்களைக் குத்தம் சொல்றதுல அர்த்தம் இல்ல. கோயில் ஊர்ல கட்டுபடியாகற விலைக்கு இடம் எங்க கிடைக்குதோ அங்கதான் போவாங்க. பட்டா இருக்கா, மின் இணைப்பு இருக்கான்னு பாக்கற ஆபீசுங்க எதுலயும் இந்தச் சரிவு மழைக்குத் தாங்குமான்னு கேக்கற கட்டம் இல்ல. ரீட் துரை காலத்துலேர்ந்து நம்ம பதிவேடு மண்ணு என்ன குடுக்கும்னு மட்டும்தான் எழுதிட்டு வருது.

போன மாசம் ஊருக்குப் போனப்ப கழனி, கொல்லை, ஏரி, வானூர், ஆரோவில் அஞ்சு இடத்து மண்ணையும் அஞ்சு கண்ணாடி பாட்டில்ல போட்டு, தண்ணி ஊத்திக் குலுக்கி ஜன்னல்ல வெச்சேன். கொல்லை மண்ணுல மணல் ஒரு நிமிஷத்துல அடியில உக்காந்துடுச்சு, மேல கொஞ்சம் கலங்கல். ஏரி வண்டல் சாயங்காலம் வரைக்கும் இறங்கிட்டே இருந்தது. கழனி பாட்டில் மறுநாள் காலையிலயும் டீ மாதிரியே இருந்தது. வீட்ல ஒருத்தங்க அதை நிஜமாவே டீ டிக்காஷன்னு நினைச்சு ஃபிரிட்ஜுல எடுத்து வெச்சுட்டாங்க.

உங்க ஊர்ல மண்ணுக்கு என்னென்ன பேரு சொல்லுங்க மக்களே. எங்க பக்கத்துல செம்மண்ணு, களி, வண்டல், சவுடு, சரளை, மொரம்பு, உவர்மண்ணு, களர், புத்துமண்ணு வரைக்கும் சேத்துட்டேன். தென் மாவட்டத்துல கரிசல், செவல்னு சொல்றது தெரியும். பண்ருட்டி பலா, முந்திரி மண்ணுக்கு அங்க என்ன பேருன்னு அந்த ஊர் நண்பர்கள் யாராவது எழுதுங்க, அடுத்து அந்தப் பக்கம் போறதா இருக்கேன்.